கல்லல் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிள்ளைகள் பள்ளிக்குப் போய்வர அரசு பணம் தருமா?

நீங்கள் கேட்டதை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். கல்லலுக்கும் தேவகோட்டைக்கும் இடையில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளிய ஊர் உங்களுடையது. மகன் உள்ளூர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாவது படிக்கிறான். மகள் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் எட்டாவது முடித்துவிட்டு, வருகிற ஜூனில் ஒன்பதாவது சேர வேண்டும். உயர்நிலைப் பள்ளி எட்டு கிலோமீட்டர். வேன்காரர் மாதம் 1,400 ரூபாய் கேட்கிறார். நியூ ஜெர்சியில் இருக்கிற உங்கள் அண்ணன் பிள்ளைகளை மஞ்சள் பஸ் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது, காசே வாங்குவதில்லை. "அங்கே அரசாங்கம் கொடுக்கிறதே, நம் அரசாங்கம் ஏன் பள்ளி பஸ்ஸுக்குக் கொடுப்பதில்லை?" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனதை அரிப்பது அமெரிக்கா இல்லை என்று நினைக்கிறேன். ஜூன் மாதம் பெண்ணை எப்படி அனுப்புவது, அந்தச் செலவில் அரசிடமிருந்து ஏதாவது வருமா, வராவிட்டால் படிப்பு நின்றுபோகுமா என்பதுதான் கேள்வி. அதனால் அதற்குத்தான் அதிகம் எழுதுகிறேன்.

சிவகங்கை மாவட்ட அரசுப் பள்ளிகளில் ஆசிரியராகவும், பிறகு தலைமையாசிரியராகவும், நடுவில் கொஞ்ச காலம், ஒன்றிய அளவில் பள்ளிகளைக் கவனிக்கும் வட்டார வள மையத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பஸ் பாஸ் விண்ணப்பம், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், டெப்போவுக்கு மனு எழுதுவது எல்லாம் பழகிய வேலை. சட்டம் படித்தவன் இல்லை. வழக்குப் போடலாமா என்பதை மட்டும் ஒரு வக்கீலிடம் கேளுங்கள்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. தமிழ்நாடு அரசு பிள்ளைகளின் போக்குவரத்துக்குப் பணம் கொடுக்கத்தான் செய்கிறது. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பிளஸ் டூ வரை படிக்கிறவர்களுக்கு, வீட்டிலிருந்து பள்ளி வரை அரசுப் பேருந்தில் கட்டணமில்லாப் பாஸ் உண்டு. அந்தச் செலவை அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடு செய்கிறது. உதவி பெறும் பள்ளியும் இதில் சேரும் என்பதைச் செட்டிநாட்டில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நகரத்தார் குடும்பங்கள் தங்கள் ஊர்களில் கட்டி வளர்த்த பள்ளிகளில் பலவும் இன்று உதவி பெறும் பள்ளிகள்தான். தேவகோட்டை தே பிரித்தோ மாதிரிப் பழைய பள்ளிகளும் அப்படியே. "அது மேனேஜ்மென்ட் பள்ளிக்கூடம், பாஸ் கிடைக்காது" என்று நினைத்து மாதாமாதம் டிக்கெட் எடுத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஜூனில் புதுப் பாஸ் கைக்கு வரும்வரை, சீருடையில் வரும் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளச் சொல்லி ஒவ்வொரு ஆண்டும் உத்தரவு வரும். கண்டக்டர் மறுத்தால் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள், மறுநாள் சரியாகிவிடும்.

உங்கள் மகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்கள் எல்லோருக்கும் கட்டணம் கிடையாது. விடியல் பயணம் என்று சொல்கிறோமே, அதுதான். சனி, ஞாயிறு ஸ்பெஷல் கிளாஸ் வைத்தாலும், பாஸ் தொலைந்துபோனாலும் அவள் போய்வரலாம். பிளஸ் ஒன் போனதும் அரசின் சைக்கிள் வரும். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, 2005-06இல் எல்லோருக்கும் விரிந்த திட்டம் அது. எட்டு கிலோமீட்டரை, அதுவும் கோடை வெயிலில் செம்மண் ரோட்டில் மிதிக்கச் சொல்லி நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மெயின் ரோட்டு ஸ்டாப் வரை மிதித்து, அங்கே தெரிந்த கடையில் சைக்கிளை விட்டுவிட்டு பஸ் ஏறுகிற பிள்ளைகள் நம் பக்கம் நிறைய உண்டு.

ஆக, அரசு பணம் கொடுக்கிறது. அது பயணச் சீட்டுக்கான பணம். பிள்ளைக்குத் தேவைப்படும் நேரத்தில் ஒரு வண்டி வந்து நிற்பதற்கு என்று தனியாகப் பணம் இல்லை. பாஸ் இருக்கிறது, பஸ் இல்லை. உங்கள் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதை டெப்போவின் பக்கம் நின்று பார்த்தால்தான் ஏன் என்று விளங்கும். ஒரு கிராமத்து ட்ரிப் ஓடி முடிந்ததும் கண்டக்டரின் கணக்கில் இரண்டு விஷயம் தெரியும்: எத்தனை டிக்கெட் கிழிந்தது, எவ்வளவு கலெக்‌ஷன். மகளிருக்குக் கட்டணமில்லா டிக்கெட் ஒன்று கொடுக்கிறார்கள், அதனால் அவர்கள் தலை எண்ணிக்கையில் வந்துவிடுகிறார்கள். பாஸ் காட்டும் பையனுக்கு டிக்கெட் கிடையாது. நாற்பது பிள்ளைகள் படிக்கட்டு வரை தொங்கிக்கொண்டு வந்த காலை ட்ரிப்பும், காகிதத்தில் பாதிக்கு மேல் காலியாக ஓடிய ட்ரிப் மாதிரியே தெரியும். வண்டி பற்றாக்குறை, டிரைவர் லீவு என்று ஏதாவது ஒரு ட்ரிப்பைக் கட் பண்ண வேண்டி வந்தால் எதைக் கட் பண்ணுவார்கள்? கலெக்‌ஷன் இல்லாத ட்ரிப்பைத்தான். கிளை மேலாளரை நான் குறை சொல்லவில்லை. அவரிடம் கேட்கப்படும் கணக்கு அப்படி இருக்கிறது. அரசு ஈடு செய்யும் பணம் மேலே கழகத்தின் மொத்தக் கணக்கில் சேர்கிறது. உங்கள் ஊர் ட்ரிப்பின் பெயரில் அது எங்கும் வரவாவதில்லை.

மாலை நேரம்தான் இன்னும் மோசம். காலையில் எப்படியோ ஒரு வண்டி கிடைத்துவிடும். ஊரிலேயே இரவு தங்கும் நைட் ஹால்ட் பஸ் இருந்தால் கவலையே இல்லை. ஆனால் பள்ளி 4.10க்கு விடுகிறது, டவுன் பஸ் 3.50க்குப் போய்விடுகிறது, அடுத்தது 6.20 என்று இருந்தால் என்ன செய்வது? அந்த இரண்டு மணி நேரமும் பெண் பிள்ளைகள் ஸ்டாப்பில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் சேர்ந்துகொண்டால், உள்ளூர் விலக்கில் இறங்கும்போது நன்றாக இருட்டிவிடும். விலக்கிலிருந்து ஊருக்கு இரண்டு பக்கமும் சீமைக்கருவேல். பொங்கலுக்குள் ஏதோ ஒரு வீட்டில் "போதும், நிற்கட்டும்" என்று முடிவெடுத்துவிடுவார்கள். எட்டாவது வரை முதல் மதிப்பெண் வாங்கியவள் ஒன்பதாவது அரையாண்டோடு நின்றுபோவதற்கு, வீட்டின் ஏழ்மையை விட இந்த 3.50 பஸ் காரணமாக இருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இருபது நிமிடம் தள்ளி எடுத்தால் தீர்ந்துபோகிற விஷயம்.

இப்போது உங்கள் அண்ணன் ஊர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் ஒப்பிட்டால் நம் சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரியும். நியூ ஜெர்சியில் எட்டாம் வகுப்பு வரை இரண்டு மைலுக்கு மேலும், அதற்கு மேல் வகுப்புகளுக்கு இரண்டரை மைலுக்கு மேலும் தூரம் இருந்தால் பிள்ளையைக் கூட்டிப்போவது பள்ளி மாவட்டத்தின் கடமை. செலவில் ஒரு பங்கு மாநில அரசிடமிருந்து வருகிறது, மீதி உள்ளூர் சொத்து வரியிலிருந்து. அந்தத் தூரத்துக்குள் இருப்பவர்களுக்குக் கடமை இல்லை, சில ஊர்களில் அவர்கள் பணம் கட்டித்தான் ஏறுகிறார்கள். அமெரிக்கா முழுவதும் ஒரே சட்டமும் கிடையாது. வடக்கு டகோட்டாவில் ஒரு குடும்பம் பள்ளி பஸ் கட்டணத்தை எதிர்த்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. கட்டணம் வாங்குவது அரசியலமைப்புக்கு விரோதமில்லை என்று 1988இல் தீர்ப்பாயிற்று. இந்த ஏற்பாடு அங்கே 1869இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சட்டமாகத் தொடங்கியது. பிறகு ஓராசிரியர் பள்ளிகளை மூடி, பல கிராமத்துக்கும் பொதுவாக ஒரு பெரிய பள்ளி வைத்தார்கள். பள்ளியைத் தூரமாக்கியது அரசு, அதனால் வண்டியும் அரசின் பொறுப்பாயிற்று.

நம்முடைய போக்கு நேர் எதிர். காமராசர் காலத்தில் பள்ளியையே ஊருக்குள் கொண்டுவந்தோம். கல்வி உரிமைச் சட்டமும் அதே வழியில்தான் நடக்கிறது. நம் மாநிலத்தின் 2011 விதிகளின்படி ஐந்தாவது வரை ஒரு கிலோமீட்டருக்குள், ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். பாருங்கள், நியூ ஜெர்சியின் இரண்டு மைலும் நம்முடைய மூன்று கிலோமீட்டரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்தத் தூரத்தைத் தாண்டினால் அங்கே வண்டி வர வேண்டும், இங்கே பள்ளி வர வேண்டும். பள்ளி திறக்க முடியாத அளவுக்குப் பிள்ளைகள் குறைவு என்றால்தான் வண்டி பற்றிய பேச்சே வரும். உங்கள் மகனுக்கு உள்ளூரிலேயே பள்ளி இருக்கிறது, ஆறாவதுக்கு நடுநிலைப் பள்ளியும் தூரத்துக்குள் இருந்தால் அவன் விஷயத்தில் கேட்க ஒன்றுமில்லை. மகளின் நிலை வேறு. கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரைதான் பேசுகிறது. எட்டாவது முடிந்ததும் சட்டத்தின் கை விட்டுப்போகிறது. நம் பக்கத்துப் பிள்ளைகள் தடுக்கி விழுவதும் சரியாக அந்த இடத்தில்தான்.

ஆனால் சட்டம் விட்ட இடத்தில் ஒரு திட்டம் இருக்கிறது. மத்திய அரசும் மாநில அரசும் 60க்கு 40 என்று பங்கு போட்டு நடத்தும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம், அதாவது சமக்ர சிக்ஷா, 2018இல் வந்தது. அதில் போக்குவரத்து மற்றும் வழிக்காவலர் வசதி என்று ஒரு தலைப்பு உண்டு. பள்ளி எட்டாத சிறு குடியிருப்பில் இருக்கும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை ஒதுக்கலாம். முதலில் எட்டாவது வரைக்கும்தான் இருந்தது. 2021இல் திட்டத்தைத் திருத்தியபோது ஒன்பதாவது, பத்தாவதுக்கும் நீட்டினார்கள். பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 600 ரூபாய். உங்கள் வேன்காரர் கேட்கிற 1,400இல் பாதிகூட வராது. ஆனாலும் உங்கள் ஊரிலிருந்து ஆறேழு பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு ஆட்டோவுக்குப் பேசலாம். இந்தத் தலைப்பைப் பெற்றோர் கேட்டு நான் பார்த்தது மிகக் குறைவு.

இது எப்படிக் கிடைக்கும் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். தனி ஆளாக மனு கொடுத்தால் கிடைக்கிற பணம் இது இல்லை. குடியிருப்பு வாரியாகக் கணக்கெடுத்து, மாவட்டத்தின் ஆண்டுத் திட்டத்தில் சேர்த்து, மேலே ஒப்புதல் வாங்கி வர வேண்டும். ஆண்டுத் திட்டம் தயாராவது ஜனவரி, பிப்ரவரி வாக்கில். ஜூனில் போய்க் கேட்டால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும், அதில் பொய்யும் இருக்காது. அதனால் இப்போதே மகள் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியரைப் பாருங்கள். உங்கள் ஊரிலிருந்து ஒன்பதாவது போகப்போகிற பிள்ளைகளின் பெயர், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவேட்டில் உள்ள எண்), வீட்டிலிருந்து அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளி வரை தூரம், அந்தப் பாதையில் ஓடும் பஸ்ஸின் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் அதைத் தீர்மானமாகப் போட்டு வட்டார வள மையத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். மேலாண்மைக் குழு 2024இல் 24 உறுப்பினர்களோடு மாற்றி அமைக்கப்பட்டது, பெரும்பான்மை பெற்றோர்தான், தலைவரும் பெற்றோர்தான். தலைமையாசிரியர் தயங்கினால் குழுத் தலைவரே பேசலாம்.

பணம் சொன்ன நேரத்துக்கு வருமா என்பதுதான் சந்தேகம். 2024-25க்கான மத்தியப் பங்கு, மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ மாதிரிப் பள்ளித் திட்டத்தில் மாநிலம் சேராத விவகாரத்தில் நின்றுபோனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2,152 கோடி ரூபாய் என்று மாநில அரசு சொல்லி, உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த மாதிரி இழுபறியில் முதலில் அடிபடுவது இப்படிப்பட்ட சின்னத் தலைப்புகள்தான். ஆகவே இந்த 600 ரூபாயை நம்பி வேன்காரரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வந்தால் நல்லது என்று வைத்துக்கொண்டு மனுவைப் போடுங்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளை ஊரில் இருந்தால் அவர்களுக்குத் தனியாகப் போக்குவரத்துப் படி, துணையாளர் படி இருக்கிறது, அதற்கும் வட்டார வள மையம்தான்.

நான் அதிகம் நம்புவது பஸ் நேரத்தை மாற்றிக் கேட்பதை. இதற்குப் புதிதாக ஒரு பைசா ஒதுக்க வேண்டியதில்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஓடும் அரசு பஸ்கள் கும்பகோணம் கோட்டத்தின் காரைக்குடி மண்டலத்தில் வருகின்றன. உங்கள் வழித்தடத்து வண்டி எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று கண்டக்டரிடமே கேட்டால் சொல்வார். மனுவில் "எங்கள் ஊருக்கு பஸ் வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். அந்த மாதிரி மனு டெப்போவில் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. "தடம் எண் இன்னது, மாலை 3.50க்குப் பள்ளி ஸ்டாப்பைக் கடக்கிறது, பள்ளி விடுவது 4.10, இதை 4.25 ஆக்கினால் இத்தனை பாஸ் பிள்ளைகள் ஏறுவார்கள்" என்று எழுதுங்கள். பின்னால் அந்தப் பிள்ளைகளின் பாஸ் பட்டியலைத் தலைமையாசிரியர் கையெழுத்தோடு இணையுங்கள். கலெக்‌ஷன் கணக்கில் தெரியாத பிள்ளைகள் அந்தப் பட்டியலில்தான் கிளை மேலாளர் கண்ணுக்குத் தெரிவார்கள். இப்படிப் போன மனுக்களுக்கு ஒரு மாதத்துக்குள் வழி பிறந்ததும் உண்டு, இரண்டு வருடம் இழுத்ததும் உண்டு. வண்டியின் மற்ற ட்ரிப் நேரங்கள் இடிக்காமல் இருக்க வேண்டும், நிரந்தர மாற்றத்துக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் சம்மதமும் தேவைப்படும். அதே தடத்தில் தனியார் பஸ் இருந்தால் அவர்களும் ஆட்சேபிப்பார்கள். ஒரு நகலைக் கிராம சபையில் தீர்மானமாக்கி, சிவகங்கையில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் கொடுங்கள். அங்கே பதிவு எண் கிடைக்கும், பதில் சொல்லியாக வேண்டும். இராயவரம், கோனாபட்டுப் பக்கத்திலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு மாவட்டம் புதுக்கோட்டை, கலெக்டரும் பஸ் மண்டலமும் மாறும், வழிமுறை இதேதான்.

2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பஸ் போகாத ஊர்களுக்காக 25 கிலோமீட்டர் வரை தடம் கொடுக்கிறார்கள், அதில் பெரும்பகுதி இதுவரை வண்டி ஓடாத பாதையாக இருக்க வேண்டும். உங்கள் விலக்கு ரோட்டுக்கு அது பொருந்தலாம். நடத்துவது தனியார், அதனால் அரசுப் போக்குவரத்துக் கழகம் கொடுக்கும் மாணவர் பாஸை அங்கே நீட்ட முடியாது.

மாணவர்களுக்கென்றே தனி பஸ் விடுவது நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால் புதுச்சேரியைக் காட்டுங்கள். அங்கே ஒரு ரூபாய் கட்டணத்தில் மாணவர் சிறப்புப் பேருந்து ஓடியது, பிறகு அந்த ஒரு ரூபாயும் வேண்டாம் என்றார்கள். சின்ன மாநிலம், தூரம் குறைவு என்பது உண்மை. செட்டிநாடு பல கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடக்கும் ஊர்கள், ஒவ்வொன்றிலும் பத்து இருபது பிள்ளைகள். எல்லா ஊருக்கும் முடியாவிட்டாலும், ஒரு ஒன்றியத்துக்குக் காலையும் மாலையும் பள்ளி நேரத்தில் மட்டும் ஓடும் இரண்டு வண்டியை, கலெக்‌ஷன் பார்க்காமல், கல்வித் துறைப் பணத்தில் விட்டுப் பார்க்கலாம் என்பது என் நெடுநாள் ஆசை. எம்.எல்.ஏ. ஊருக்கு வரும்போது கேளுங்கள்.

இதெல்லாம் கைகூடும்வரை வேனில்தான் அனுப்ப வேண்டும் என்றால், சில விஷயங்களைக் கண்டிப்பாகப் பாருங்கள். வண்டிக்கு மஞ்சள் நம்பர் பிளேட் இருக்க வேண்டும். ஓன் போர்டு வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கை விரித்துவிடும். எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சான்று, பெர்மிட், இன்சூரன்ஸ் தேதிகளை வாங்கிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2012இல் தாம்பரம் பக்கம் பள்ளி பஸ்ஸின் ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கு என்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. ஆண்டுதோறும் பள்ளி திறப்பதற்கு முன் அதிகாரிகள் வந்து பார்ப்பது பள்ளியின் பெயரில் ஓடும் வண்டிகளைத்தான். நாம் தனியாகப் பேசிவைத்த வேனை அந்த வரிசையில் நிறுத்த மாட்டார்கள், அதைப் பார்க்க வேண்டியது பெற்றோர்தான்.

வேனும் கட்டுப்படியாகவில்லை, பஸ்ஸும் நேரத்துக்கு இல்லை என்றால் தேவகோட்டையிலோ காரைக்குடியிலோ அரசு மாணவியர் விடுதி இருக்கிறது. ஆதிதிராவிடர் நலத் துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை இரண்டும் நடத்துகின்றன. வீட்டிலிருந்து தூரம், வருமானச் சான்று கேட்பார்கள், விண்ணப்பம் ஜூனில். பதினாலு வயதுப் பெண்ணை விட்டுப் பிரிய மனசு வராது என்பது தெரியும். ஆனால் ஒன்பதாவதுக்குப் பெயர் கொடுக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். பள்ளியில் பெயர் இருந்தால்தான் எமிஸில் இருப்பாள், எமிஸில் இருந்தால்தான் பாஸ், சைக்கிள், இந்த 600 ரூபாய் எல்லாவற்றுக்கும் அவள் கணக்கில் வருவாள். எட்டாவது மாற்றுச் சான்றிதழ் வாங்குகிற அன்றே போய் ஒன்பதாவதில் சேர்த்துவிடுங்கள்.